எழுதியதும் வெளியிட்டதும்: திருவாய்மொழி வியாக்கியான வரலாற்றில் மறுபார்வையின் இடம்

திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கும் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த ஐந்து வியாக்கியானங்கள் இன்று காலக்ஷேப கோஷ்டிகளில் வழங்கிவருகின்றன. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகியமணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி என்பன அவை. படியெண் நூலின் அளவைக் குறிப்பது. 32 எழுத்துகள் கொண்டது ஒரு கிரந்தம். அதுவே ஒரு படி. அக்கணக்கில் ஆறாயிரப்படி 1,92,000 எழுத்தளவும், ஈடு 11,52,000 எழுத்தளவும் உடையன.

இவ்வரிசையில் இடம்பெறாத மற்றொரு வியாக்கியானத்தையும் குருபரம்பரை வரலாறு பேசுகிறது. நம்பிள்ளையின் திருவடிகளில் ஆச்ரயித்த நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர் எழுதியது அது. அதன் அளவு ஒன்றேகால் இலட்சம் கிரந்தம். அதாவது 40,00,000 எழுத்து. அதனை நம்பிள்ளை தாமே கரையானுக்கு இரையாக்கினார் என்பது ஸம்பிரதாயம்.

இவ்வரலாறு பெரும்பாலும் ஒரே பொருளில் எடுத்தாளப்படுகிறது. ஆசார்ய நியமனமின்றி எழுதலாகாது. பட்டர் நியமனமின்றி எழுதினார். ஆகவே அவ்வேடு அழிந்தது என்பது அது. இப்பொருள் பிழையன்று. எனினும் இதனையே முழுப்பொருளாகக் கொண்டால் ஒரு முரண் எழுகிறது. வடக்குத் திருவீதிப் பிள்ளையும் நியமனம் பெறாமலேயே எழுதினார். ஆசார்யர் ஒருவரே, திருவாய்மொழியும் ஒன்றே, நியமனமின்மையும் இருவர்க்கும் பொது. அவ்வாறிருக்க, ஒருவர் எழுதியது மண்ணுக்குப் போயிற்று. மற்றவர் எழுதியது ஸம்பிரதாயத்தின் தலைமை வியாக்கியானமாக நின்றது. நியமனம் ஒன்றே அளவுகோலாயின் இரண்டிற்கும் ஒரே முடிவு நேர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நியமனத்தோடு உடன்நின்ற மற்றோர் அளவுகோலும் பூர்வர்களின் வழக்கில் இருந்திருக்கக் காண்கிறோம். கேட்டதோ நினைத்ததோ எழுத்தில் ஏறியபின், அது பிறர் கைக்குப் போகுமுன், மீண்டும் ஒருமுறை ஓர் அறிவின் வழியாகக் கடந்து வரவேண்டும் என்பது அவ்வளவுகோல். எழுதினவர் அறிவாகவும் இருக்கலாம். கேட்பித்தவர் அறிவாகவும் இருக்கலாம். உடனிருந்து எழுத்தாணி பிடித்தவர் அறிவாகவும் இருக்கலாம். இதனை மறுபார்வை என்னலாம். குருபரம்பரையில் நன்கு அறியப்பட்ட நான்கு வரலாறுகளை இந்நோக்கில் வரிசைப்படுத்திப் பார்க்குமிடத்து இக்கருத்து வலுப்பெறுகிறது.

எழுத்தாணி நின்ற இடம்

முதலாவது, ஸ்ரீபாஷ்யம் எழுந்த வரலாறு. எம்பெருமானார் வாய்மொழியாக அருளிச்செய்ய, கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதிவந்தார். எழுதத் தொடங்குமுன்பே எம்பெருமானார் ஒரு நிபந்தனை விதித்தருளினார். சொல்லப்படும் பொருள் ஆழ்வான் திருவுள்ளத்துக்குப் பொருந்தாத இடத்தில் அவர் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். வாதிக்கவும் வேண்டா, விளக்கம் கேட்கவும் வேண்டா. எழுத்தாணி நிற்பதே அறிவிப்பாகும்.

ஜீவாத்ம ஸ்வரூபத்தைப் பேசும் இடத்தில் எழுத்தாணி நின்றது. ஆத்மா அறிவை உடையவன் என்னுமளவில் எம்பெருமானார் லக்ஷணம் கூறினார். அவ்வாத்மா எம்பெருமானுக்கே சேஷமானவன் என்பது அதில் சேரவில்லை. ஆழ்வான் எழுதவில்லை. எம்பெருமானார் சீறியருளி, காலால் தள்ளியதாகவும் வரலாறு. ஆழ்வான் அதனை உடைமையை உடையவன் தன் விருப்பப்படி கையாள்வதாகவே கொண்டார். பின்னர் எம்பெருமானார் தனித்திருந்து ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே தகும் என்று தெளிந்து, திருத்தி எழுதுவித்தார்.

இவ்வரலாற்றில் ஆழ்வானின் பணிவையும் ஆசார்யரின் பெருந்தன்மையையும் கொண்டாடுவது வழக்கம். நூலாக்க நோக்கில் இதில் கவனிக்கத்தக்கது நிபந்தனையே. எழுதிமுடித்த பின் குறை காண்பவரைத் தேடுவதற்கு மாறாக, எழுதும்போதே உடன்படாமையை வெளிப்படுத்தும் ஒரு வழியை ஆசிரியர் தாமே முன்கூட்டி ஏற்படுத்தினார். பாஷ்யகாரருக்கே இது வேண்டியிருந்தது. லக்ஷணம் தவறென்றும் சொல்ல முடியாது. ஆத்மா அறிவுடையவன் என்பது ஸித்தாந்தமே. குறைந்தது ஒரு விசேஷணம். ஆனால் அவ்விசேஷணம் இல்லாமல் அந்த வாக்கியம் ஏட்டில் ஏறி வெளியே போயிருந்தால், ஸ்வதந்த்ராத்ம வாதத்துக்கு ஸ்ரீபாஷ்யமே இடங்கொடுத்ததாகப் பிறர் எடுத்துரைக்க வாய்ப்பு நேர்ந்திருக்கும். அறையினுள் ஒரு நாள் நிகழ்ந்த வருத்தத்தோடு அது தீர்ந்தது.

காவிரியில் போன ஏடு

இரண்டாவது, ஒன்பதினாயிரப்படியின் வரலாறு. நஞ்சீயர் தம் வியாக்கியானத்தை நல்ல கையெழுத்தில் செவ்வையாகப் படியெடுக்க விரும்பினார். நம்பூர் வரதராசர் அழகாக எழுதவல்லவர் என்று கேள்வியுற்றார். உடனே ஏட்டை அவர் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் வியாக்கியானம் முழுவதையும் ஒருமுறை அவருக்குக் கேட்பித்தார். படியெடுப்பவனும் பொருள் அறிந்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடே பின்னர் நிகழ்ந்ததற்கு அடிப்படையாயிற்று.

வரதராசர் ஏட்டைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளம் அதனை அடித்துச்சென்றது. கரையேறியவர் வெறும் ஓலைகளை எடுத்து, ஆசார்யர் கேட்பித்ததை நினைந்து, வியாக்கியானத்தை முழுதும் எழுதினார். தமிழில் வல்லவராகையால் சில இடங்களில் சிறப்புப் பொருள்களையும் சேர்த்தார். திரும்பிவந்து ஏட்டை ஸமர்ப்பிக்க, நஞ்சீயர் அவிழ்த்துப் பார்த்துத் தாம் எழுதியதினும் சில இடங்களில் பொருள் விரிந்திருப்பதைக் கண்டார். நடந்ததைக் கேட்டறிந்து மகிழ்ந்து, அவரை நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். நம்பிள்ளை என்ற திருநாமம் அன்று ஏற்பட்டது.

வரதராசரின் நினைவாற்றலுக்குச் சான்றாக மட்டும் இதனைக் கொண்டால் பாதிப்பொருளே கிடைக்கும். நினைவாற்றலால் மட்டும் மீண்டிருந்தால் பழைய ஏடும் புதிய ஏடும் ஒத்திருக்க வேண்டும். நஞ்சீயர் வேறுபாட்டைக் கண்டிருக்க மாட்டார். வெள்ளம் கொண்டுபோனபின் எழுந்த ஏடு, கேட்ட பொருளை உள்ளத்தில் கொண்டு மீண்டும் வெளியிட்டதால் அமைந்தது. அதாவது அது ஒரு இரண்டாம் எழுத்து. முதலெழுத்தில் போதுமென்று விடப்பட்ட இடங்கள் இரண்டாம் எழுத்தில் நிறைவெய்தின.

இங்கு நஞ்சீயரின் பங்கு நுணுகி நோக்கத்தக்கது. தம் நூலில் தாம் எழுதாதவை சேர்ந்திருப்பதைக் கண்ட ஆசிரியர் அவற்றை நீக்குமாறு சொல்லியிருக்கலாம். அவர் படித்தார், வேறுபாட்டைக் கண்டுபிடித்தார், காரணம் கேட்டார், ஏற்றுக்கொண்டார். மறுபார்வைக்குரிய படிகள் நான்கும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. படிக்காமலே மகிழ்ந்து வாங்கிவைத்திருந்தால், சேர்க்கப்பட்டவை ஆசார்ய ஸம்மதம் பெறாத இடைச்செருகல்களாகவே இருந்திருக்கும்.

ஒன்றேகால் இலட்சம்

மூன்றாவது வரலாற்றில் அந்த வரதராசரே ஆசார்ய ஸ்தானத்தில் இருக்கிறார். நம்பிள்ளையின் கோஷ்டி திருவரங்கத்தில் பெருகியிருந்த காலம். நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர் கூரத்தாழ்வான் வம்சத்தில் தோன்றியவர். முன்பு நம்பிள்ளையின் ஏற்றத்தைப் பொறாதிருந்து, பின்பு அவரையே ஆச்ரயித்தவர். ஆச்ரயித்தபின் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிச்செய்த பொருள்கள் அனைத்தையும் விடாமல் கேட்டு, விடாமல் எழுதி, மஹாபாரதம் போன்ற பெருக்கத்தில் ஓர் ஏட்டுக்கட்டாக ஆசார்யர் திருமுன்பே வைத்தார்.

நம்பிள்ளை உகக்கவில்லை. நியமனம் பெறாமையை ஒரு குறையாகக் கூறினார். இவ்வளவு விரிவாக எழுத்தில் வந்துவிட்டால் ஆசார்யரிடம் கேட்டறிய வருவார் இல்லாமற் போவர் என்பதையும் கூறினார். தேவரீர் அருளிச்செய்ததை அன்றித் தாம் ஒன்றும் கூட்டவில்லை என்று பட்டர் விண்ணப்பித்தபோது, சொன்ன சொல்லை எழுதியிருக்கலாம், நெஞ்சில் நினைத்ததை எழுதியதாகுமோ என்ற கருத்தில் நம்பிள்ளை மறுமொழி கூறியதாக ஸம்பிரதாயம் வழங்குகிறது.

இம்மறுமொழியே இவ்வரலாற்றின் உயிர்நிலை. நியமனத்தைப் பற்றிய முதற்கூற்று இதனை மறைத்துவிடுகிறது. பட்டர் தம் சார்பில் சொன்ன சமாதானம் முற்றிலும் நேர்மையானது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு பொருளையும் சேர்க்கவில்லை என்பதைத் தம் ஏட்டின் தகுதியாக அவர் முன்வைத்தார். நம்பிள்ளை அதனைத் தகுதியாகக் கொள்ளவில்லை. தம் இளமையில் கேட்டதைக் கேட்டவாறே எழுதாது உணர்ந்து எழுதி, கூட்டியும் எழுதி, அதற்காகவே திருநாமம் பெற்றவர் அவர். அத்தகையவர் சொல்லுக்குச் சொல் எழுதிய ஏட்டை ஏற்காததில் முரண் ஏதுமில்லை. ஒரே கொள்கையின் இரு முகங்கள் அவை.

வாய்மொழி எவ்வாறு அமைகிறது என்பதை நினைத்தால் இக்கொள்கையின் நியாயம் விளங்கும். கோஷ்டியில் பேசும் ஆசார்யர் எதிரிலிருப்பவரின் முகம் பார்த்துப் பேசுகிறார். ஒருவர் புரியாது விழித்தால் சொன்னதையே மும்முறை சொல்கிறார். ஒருவர் கேள்வி கேட்டால் அவர் நிலைக்கேற்ப ஒரு சமாதானம் சொல்லி அன்றைக்கு நிறைவு செய்கிறார். மறுநாள் அதனினும் நுட்பமான சமாதானம் தோன்றினால் அதனையும் சொல்கிறார். எது அவருடைய முடிந்த கருத்து, எது அவ்வமயத்துக்கு ஏற்பச் சொன்னது, எது விளையாட்டாகச் சொன்னது என்பதைக் குரலும் முகமும் காட்டிவிடும். ஏட்டில் குரல் இல்லை; முகம் இல்லை. அனைத்தும் ஒரே நிறையில் கிடக்கும். சொன்னவர் நெஞ்சில் முதன்மை, துணைமை என்றிருந்த வேறுபாடு எழுத்தில் மறைந்துவிடும். சொல் மாறாதிருக்கவே பொருள் மாறிவிடுகிறது.

கணக்காகப் பார்த்தாலும் இது தெரிகிறது. ஒன்றேகால் இலட்சம் கிரந்தத்தை 1102 பாசுரங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பாசுரத்துக்கு ஏறத்தாழ 3,600 எழுத்துகள் வரும். ஈட்டில் அது ஏறத்தாழ 1,045. ஆறாயிரப்படியில் 175க்கும் குறைவு. விரிவு தானே குற்றமன்று. ஆயினும் ஆறாயிரம், ஒன்பதினாயிரம், இருபத்துநாலாயிரம் என்ற ஏனைய வியாக்கியானங்கள் முறையே ஸ்ரீவிஷ்ணுபுராணம், ஸ்ரீபாஷ்யம், ஸ்ரீராமாயணம் ஆகியவற்றின் அளவோடு ஒப்பிட்டுப் பேசப்படுவது பெரியோர் மரபு. அளவு என்பது எழுதத் தொடங்குமுன் உள்ளத்தில் இருக்க வேண்டிய ஒன்று என்பதை இவ்வொப்பீடுகள் உணர்த்துகின்றன.

ஈடு நின்றது எதனால்

நான்காவது, ஈட்டின் வரலாறு. வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைக் கேட்டு, இரவில் ஏடுபடுத்திவந்தார். ஒருநாள் நம்பிள்ளை அவர் திருமாளிகைக்கு எழுந்தருளித் திருவாராதனம் செய்யும்போது ஓலைக்கட்டுகள் கண்ணில் பட்டன. எடுத்து நோக்கினார். இவை எவை என்று கேட்க, தம் நினைவுக்காக எழுதிவைத்தவை என்று பிள்ளை விண்ணப்பித்தார். நியமனமின்றி எழுதியதற்கு நம்பிள்ளை முதலில் கடிந்துகொண்டார். பிள்ளை திருவடிகளில் விழுந்து வேண்டினார். பின்னர் நம்பிள்ளை ஏட்டைப் பெற்றுக்கொண்டு ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தருளினார். மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் இக்கொடையைக் குறித்துவைத்துள்ளார்.

பட்டரின் ஏட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றை இவ்வரலாற்றிலிருந்தே தொகுக்கலாம்.

ஒன்று, காலம். பகலில் கேட்பதற்கும் இரவில் எழுதுவதற்கும் இடையில் ஒரு பொழுது கழிகிறது. அப்பொழுதில் கேட்டவை உள்ளத்தில் அடங்கி, தாமே வரிசைப்படுகின்றன. மும்முறை சொன்னது ஒருமுறையாகிறது. எழுதும் கை செவியை நேரே தொடராது நெஞ்சைத் தொடர்கிறது. கேட்டது எதுவும் நழுவக்கூடாது என்பதைத் தகுதியாகக் கொண்ட பட்டரின் ஏட்டோடு ஒப்பிட, இது அதன் மூன்றிலொரு பங்கிலும் குறைந்த அளவில் அமைந்தது.

இரண்டு, நோக்கம். பிள்ளை தம் நினைவுக்காக எழுதினார், வெளியிட எழுதவில்லை. வெளியிடும் விரைவு இல்லாத எழுத்துக்குத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஓய்வு உண்டு. எழுதி முடித்தவுடன் ஸமர்ப்பிக்கப்பட்ட ஏட்டுக்கு அது வாய்க்கவில்லை.

மூன்று, வெளிப்பட்ட முறை. ஆசார்யர் கண்ணுற்றபின்னும் அது உடனே பலர் கைக்குப் போகவில்லை. ஈயுண்ணி மாதவர், அவர் குமாரர் பத்மநாபர், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை என்று வழிவழியாகச் சென்று மணவாள மாமுனிகளை அடைந்தது. மாமுனிகள் பெரிய பெருமாள் ஸந்நிதியில் ஓராண்டு ஈட்டைக் காலக்ஷேபமாக ஸாதித்த பின்பே அது உலகறிந்த நூலாயிற்று.

தாமதம் வேறு, திருத்தம் வேறு என்று இங்கே ஒரு தடை எழலாம். ஏடு பெட்டியில் கிடந்தால் தானே செம்மையாகிவிடாது என்பது உண்மையே. ஆனால் இவ்வேடு பெட்டியில் கிடக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் நூலாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லப்படும் நூலில் மயக்கமான இடம் எதுவோ அது ஒவ்வொரு முறையும் கேள்விக்குள்ளாகும். மாமுனிகள் ஈட்டில் எடுத்தாளப்பட்ட வேத, இதிஹாஸ, புராண வசனங்களைத் தொகுத்து ஈட்டு ப்ரமாணத்திரட்டு அருளியதும் இவ்வுழைப்பின் தொடர்ச்சியே. நினைவிலிருந்து மேற்கோளாக வந்த வசனத்தை அதன் மூலத்தோடு சேர்த்துவைப்பது, நூலைப் பிறர் நம்பிக் கையாளத் தகுதியாக்கும் திருத்தப்பணியாகும்.

ஈட்டினுள் தெரியும் சுவடுகள்

இதுவரை கூறியவை வரலாற்றுச் செய்திகள். நூலின் நடை இவற்றோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது திறனாய்வின் கடமை.

ஈடு வாய்மொழியின் சுவடுகளை மறைக்கவில்லை. கேள்வியும் விடையுமாகப் பொருள் நடக்கும் இடங்கள் அதில் ஏராளம். பட்டர் இவ்வாறு அருளிச்செய்வர், நஞ்சீயர் இவ்வாறு அருளிச்செய்வர் என்று முன்னோர் நிர்வாகங்கள் பெயரோடு வருகின்றன. எம்பெருமானார் காலத்து ஐதிஹ்யங்கள் பேச்சு வழக்கின் மணம் மாறாமலே இடம்பெறுகின்றன. ஸ்ரீய:பதிப்படி என வழங்கும் முன்னுரைகள் மூன்று ஒன்றோடொன்று கலக்கப்படாமல் தனித்தனியே நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் திருத்தம் ஈட்டில் நிகழவில்லை.

ஆனால் இவை அனைத்தும் இடமறிந்து நிற்கின்றன. ஒரு சொல்லுக்கு இருபொருள் கூறவேண்டிய இடத்தில் முதற்பொருளை முடித்து, அன்றிக்கே என்ற ஒரு சொல்லை வைத்து, இரண்டாம் பொருள் தொடங்குகிறது. அச்சொல் எளியது, அதன் பயன் பெரிது. ஒரு நாள் சொன்னதும் மற்றொரு நாள் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கும் இரு பேச்சுகளாக நில்லாமல், ஒரே பாசுரத்தின் இரு நிர்வாகங்களாக எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. ஆக என்ற சொல்லால் நீண்ட விசாரம் தொகுக்கப்படுகிறது. ஒரு திருவாய்மொழிக்கும் அடுத்ததற்கும் உள்ள இயைபு அவதாரிகையில் நிறுவப்படுகிறது. நாள்தோறும் கேட்டதை நாள்தோறும் குறித்துச் செல்பவனுக்கு இவ்வியைபு எளிதில் கைவராது. பின்னே வருவதையும் முன்னே சென்றதையும் ஒருசேர நோக்கினவனுக்கே கைவரும்.

பிற நூல்களும் இதற்குத் துணைநிற்கின்றன. ஸ்ரீபாஷ்யத்துக்கு ஸுதர்சன ஸூரி அருளிய வியாக்கியானம், நடாதூர் அம்மாளிடம் கேட்டவற்றின் வெளிப்பாடு என்பதைத் தன் பெயரிலேயே கொண்ட ச்ருதப்ரகாசிகை. கேட்டதை எழுதியதே அதுவும். எனினும் அது சாஸ்திர நூலாகவே நிற்கிறது. கேட்டது நூலாவதற்குத் தடையில்லை. கேட்ட நிலையிலேயே நிற்பதுதான் தடை.

மாமுனிகள் பெரியாழ்வார் திருமொழிக்குச் செய்த உபகாரம் இக்கட்டுப்பாட்டின் மறுகோடியைக் காட்டுகிறது. அத்திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்குரிய பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் வியாக்கியானம் அருளி, முன்னோரின் ஏடு எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அதன் எல்லையில் நிறுத்தினார் என்பர். முழுவதற்கும் புதிதாக எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. எழுதத்தகாத இடத்தை அறிந்து விடுவதும் மறுபார்வையின் ஒரு கூறு என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் அரிது.

இரு தடைகள்

இக்கருத்துக்கு எதிராக இரு தடைகளைக் கூறலாம்.

முதலாவது, ஒன்றேகால் இலட்சம் கிரந்தம் அழிந்தது ஒரு பெரிய இழப்பன்றோ என்பது. இழப்பே. நம்பிள்ளையின் கோஷ்டியில் எழுந்த கேள்விகள், அன்றைய திருவரங்கத்தின் பேச்சு நடை, பெயர் மறைந்த பல முதலிகளின் வார்த்தைகள் முதலியன அதில் இருந்திருக்கக் கூடும். வரலாற்றாசிரியனுக்கு அவை பொன்னினும் மேலானவை. அழித்தல் ஒன்றே வழியா என்று கேட்பதும் தவறன்று. ஈட்டையே நம்பிள்ளை அழிக்காமல் ஒருவரிடம் ஒப்படைத்தாரே என்பது அக்கேள்விக்கு வலுசேர்க்கும். ஆனால் சான்றாக வைத்துக்கொள்வது வேறு, வியாக்கியானமாக வெளியிடுவது வேறு. பட்டர் தம் ஏட்டை வியாக்கியானமாகவே ஸமர்ப்பித்தார். அத்தகுதிக்கு அது நம்பிள்ளையால் ஏற்கப்படவில்லை. இன்று ஒரு கோஷ்டியின் பேச்சுகளை உள்ளவாறே பதிந்து பேணுவது நற்பணி. அப்பதிவையே நூலென்று பெயரிடும்போதுதான் நம்பிள்ளையின் கேள்வி எதிர்ப்படுகிறது.

இரண்டாவது, ஆழ்வார்கள் திருத்தி எழுதினார்களா என்பது. அருளிச்செயல்கள் அநுபவம் வழிந்து சொல்லானவை என்பதே ஸம்பிரதாயம்; அவற்றில் ஆராய்ந்து அமைத்த சொல்லென்று ஒன்று இல்லை. அவ்வாறிருக்க வியாக்கியானத்தில் மட்டும் திருத்தம் எதற்கு? விடை எளிது. வியாக்கியாதாக்கள் ஒருவரும் ஆழ்வார்களின் நிலையைத் தங்களுக்குக் கோரவில்லை. மயர்வற மதிநலம் பெற்றவர் சொல்லுக்கும், அச்சொல்லைப் பிறருக்கு விளக்குபவன் சொல்லுக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். தம் சொல்லில் குறை இருக்கக்கூடும் என்ற அறிவே ஆழ்வானின் எழுத்தாணிக்கு நிபந்தனை விதித்தது. எழுதியது எல்லாம் ஆவேசத்தில் வந்தது, ஆகவே திருத்த வேண்டுவதில்லை என்னும் உரைகாரன் தன்னை ஆழ்வாராகவே எண்ணிக்கொள்கிறான்.

இன்றைய பதிப்புகளுக்கு

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. இன்று உபந்யாஸங்களும் காலக்ஷேபங்களும் ஒலிப்பதிவாகி, கேட்டு எழுதப்பட்டு, விரைவில் ஸ்ரீகோசங்களாக வெளிவருகின்றன. நோக்கம் உயர்ந்தது. கோஷ்டிக்கு வர இயலாதவர்க்குப் பெரியோர் வார்த்தை சேரவேண்டும் என்பதே அது. ஆனால் அவ்வாறு சேரும் நூல்களில் சில, ஒன்றேகால் இலட்சத்தின் வழியிலேயே செல்கின்றன. முடிவுறாத வாக்கியங்கள் அப்படியே நிற்கின்றன. சுட்டுச்சொல் எதைச் சுட்டுகிறது என்பது தெரிவதில்லை. நினைவிலிருந்து சொன்ன பிரமாணத்தில் ஒரு சொல் மாறியிருந்தால் மாறியபடியே அச்சாகிறது. ஓர் ஆழ்வார் பாசுரம் மற்றோர் ஆழ்வார் பெயரில் வருகிறது. ஒரு கேள்விக்கு அவ்விடத்துக்கு ஏற்பச் சொன்ன சமாதானம் ஸித்தாந்த நிர்ணயம் போல் தோன்றுகிறது.

கோஷ்டியில் இருந்தவர் இவற்றைத் தம் நினைவால் சரிசெய்துகொள்வார். நூலை மட்டும் கையில் கொண்டு, கேட்க ஒருவரும் இல்லாமல் தனியே படிப்பவர் என்ன செய்வார்? அவருக்காகவே அந்நூல் வெளியிடப்பட்டது. அவருக்கே அது உதவாமற் போகிறது. அன்றியும், அச்சிலேறிய பிழை அடுத்த நூலில் பெரியோர் வார்த்தையாக மேற்கோளாகிறது. இரண்டு தலைமுறை கழிந்தால் அதனைப் பிழையென்று சொல்லத் துணிபவன் அபசாரப்பட்டவன் ஆகிவிடுகிறான். திருத்தப்படாத எழுத்தினால் வரும் கேடு சொன்னவர் பெயரையே சாரும் என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. அவரிடம் கொண்ட அன்பினால் ஒரு சொல்லையும் மாற்றாதவர்கள், அவர் நினையாத பொருளை அவர் பெயரில் நிலைநிறுத்திவிடுகிறார்கள்.

பரிகாரம் முன்னோர் காட்டியதே. எழுதியெடுத்ததைச் சொன்னவர் தாமே ஒருமுறை படித்து, எது தம் நெஞ்சு, எது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்துக்கொடுக்க வேண்டும்; நஞ்சீயர் ஏட்டை அவிழ்த்துப் பார்த்தது போல. எழுதியெடுப்பவர் அப்பொருளை முன்பே முறையாகக் கேட்டவராக இருக்க வேண்டும். நம்பூர் வரதராசர் கேட்டது போல. பிரமாணங்கள் ஒவ்வொன்றும் மூலத்தோடு ஒத்துப்பார்க்கப்பட வேண்டும். மாமுனிகள் திரட்டியது போல. பொருந்தாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்தும் உரிமை பெற்ற ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் நிறுத்தினால் அதனைப் பொறுக்கும் மனம் சொன்னவர்க்கும் வேண்டும். இவற்றுள் கடைசியே அரியது. பாஷ்யகாரருக்கும் முதலில் சீற்றமே வந்தது என்று குருபரம்பரை ஒளிக்காமல் சொல்லிவைத்தது, பின்னுள்ளார்க்குத் துணையாகவே.

இவற்றால் ஒரு நூல் வெளிவர ஆறு மாதமோ ஓராண்டோ கூடுதலாகலாம். பல தலைமுறை காத்திருந்த ஈட்டை ஓதி வாழும் ஸம்பிரதாயத்துக்கு அது நீண்ட காலம் ஆகாது.